அலைனர் போட்டும் பல் நகரவில்லையா? அட்டாச்மெண்ட்டை வைத்துப் பிழை பிடிக்கும் வழிமுறை

அட்டாச்மெண்ட் பல்லைத் தள்ளாது. தள்ளுவது ட்ரேதான், அதாவது பற்களின் மேல் மாட்டும் அந்த ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அலைனர். பல்லின் மேல் ஒட்டும் அந்தச் சின்ன காம்போசிட் (பல் நிறப் பிசின்) மேட்டின் வேலை, ட்ரே வந்து அழுத்துவதற்கு ஒரு முகத்தைக் கொடுப்பது. இது புரிந்தால் பாதிப் பிழைகளைக் கண்ணாலேயே பிடித்துவிடலாம். "அட்டாச்மெண்ட் இருக்கு, ஆனாலும் பல் அசையலை" என்று ஒரு கேஸ் வந்தால், எந்த முகம் வேலை செய்ய வேண்டும், அந்த முகத்தில் ட்ரே இப்போது தொடுகிறதா என்ற இரண்டை மட்டும் முதலில் பாருங்கள்.

பல்லைக் கீழிழுக்க வேண்டுமானால் (மேல்தாடையில்) ஈறுப் பக்கத்து முகம் வேலை செய்யும். சுழற்ற வேண்டுமானால் மீசியல் (பல்வரிசையின் நடுக்கோட்டை நோக்கிய) அல்லது டிஸ்டல் (அதற்கு எதிர்) பக்கத்துச் செங்குத்து முகம். வேரைச் சாய்க்க ஒரு முகம் போதாது. எதிரெதிர்த் திசையில் இரண்டு அழுத்தம் வேண்டும். சில அட்டாச்மெண்ட்கள் எந்தப் பல்லையும் நகர்த்துவதற்காக வைத்தவை அல்ல, ட்ரே கழன்று எழும்பாமல் பிடித்துக்கொள்வதற்காக வைத்தவை. திட்டத்தில் எந்தப் பல்லில் எது, எதற்கு என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: இப்போது போடும் ட்ரே, அதற்கு முந்தைய இரண்டு ட்ரே, பல் ஃப்ளாஸ், கூர்முனை எக்ஸ்ப்ளோரர், காற்றூதி, கடி பார்க்கும் கலர்த் தாள், கொஞ்சம் லைட் பாடி சிலிகான் (பல் அச்சு எடுக்கும் இளகிய பசை). நோயாளியை ட்ரே மாற்ற வேண்டிய நாளில் வரச் சொல்லி, பழைய ட்ரேயைப் போட வைத்துப் பாருங்கள். புது ட்ரே போட்ட முதல் நாளில் இடைவெளி தெரிவது இயல்பு. ஒவ்வொரு ட்ரேயும் ஒரு பல்லை ஏறக்குறைய 0.25 மி.மீ. முன்னே வைத்துத்தான் செய்யப்படுகிறது. கடைசி நாளிலும் இடைவெளி இருந்தால் அதுதான் பிழை. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காமல் அவசரப்பட்டு ரீஸ்கேன் எடுத்த கேஸ்கள் ஏராளம்.

அறிகுறி 1: பல் நுனிக்கும் ட்ரேக்கும் நடுவே காற்றுத் தெரிகிறது

பத்தில் பல முறை இது மேல் லேட்டரல் வெட்டுப்பல்தான் (நடுவிலிருந்து இரண்டாவது பல்). சிறிய பல், குட்டையான முகம், இருபுறமும் பெரிய பற்களின் நெருக்கம்.

ஃப்ளாஸிலிருந்து தொடங்குங்கள். லேட்டரலின் இருபுறமும் இழுத்துப் பாருங்கள். நூல் போகவே மாட்டேன் என்றால், அல்லது 'டக்' என்று வெடித்து உள்ளே போனால், அந்தப் பல்லுக்கு நகர இடமில்லை. இடமில்லாத பல்லை ட்ரே இருபுறமும் நெருக்கும்போது, ஈரக் கைவிரல்களுக்கு நடுவே அழுத்திய புளியங்கொட்டை வழுக்கிப் போவதுபோல, அது ஈறுப் பக்கமாக மேலே ஏறிவிடும். பார்ப்பவருக்குப் பல் இறங்கவில்லை என்று தோன்றும். உண்மையில் அது எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறது. இதற்கு அட்டாச்மெண்ட்டை மாற்றிப் பயனில்லை. திட்டத்தில் அந்த இடத்தில் ஐபிஆர் (பற்களின் பக்கங்களை மெல்லிதாகத் தேய்த்து இடம் உண்டாக்குவது) எழுதியிருந்ததா, எழுதிய அளவு உண்மையில் செய்யப்பட்டதா என்று கேஜ் வைத்து அளந்து பாருங்கள். 0.3 மி.மீ. எழுதி 0.1 மட்டுமே தேய்த்திருப்பது மிகச் சாதாரணமாக நடக்கும். ஐபிஆர் திட்டமே இல்லாமல் தொடர்பு மட்டும் இறுக்கமாக இருந்தால், 0.1 மி.மீ. ஸ்ட்ரிப்பை ஓரிரு முறை இழுத்து நூல் மென்மையாகப் போகும் அளவுக்குத் தளர்த்தினால் போதும். அதற்குமேல் தேய்த்தால் இறுதியில் இடைவெளி மிஞ்சும்.

நூல் நன்றாகப் போகிறதா? அப்படியானால் அட்டாச்மெண்ட்டுக்கு வாருங்கள். பல்லைக் காற்றூதி உலர்த்தி, ஈறுப் பக்கத்து முகத்தில் எக்ஸ்ப்ளோரரை வைத்து மேலிருந்து கீழே இழுங்கள். முனை ஒரு விளிம்பில் தட்டி நிற்க வேண்டும். வழுக்கிக்கொண்டு இறங்கினால் அந்த முகம் தேய்ந்துவிட்டது, அல்லது ஒட்டும்போதே சரியாக நிரம்பவில்லை. வழக்கமான செவ்வக அட்டாச்மெண்ட் சுமார் 3 மி.மீ. நீளம், 2 மி.மீ. அகலம், 1 மி.மீ. தடிப்பு. அந்த 1 மி.மீ. தடிப்பு தேயத் தேயப் பிடிப்பும் குறைகிறது.

மூன்றாவது, ட்ரே போடும் நேரம். ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. நோயாளியிடம் "எவ்வளவு நேரம் போடறீங்க?" என்று கேட்டால் எல்லோரும் 22 என்பார்கள். "காலையில் காபிக்குக் கழற்றினா எப்போ திரும்பப் போடுவீங்க? சாயங்காலம் டீ?" என்று கேட்டால் உண்மை வரும்.

எவ்வளவு இடைவெளி என்பதை வைத்து என்ன செய்வது? நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளலாம்:

0.5 மி.மீ.க்குள் என்றால், அதே ட்ரேயில் இன்னும் ஒரு வாரம் நிறுத்துங்கள். ஒவ்வொரு முறை ட்ரே போட்டதும் 5 முதல் 10 நிமிடம் ச்யூயி என்ற மெத்தென்ற உருளையைக் கடிக்கச் சொல்லுங்கள். முன்பற்களால் பொதுவாகக் கடிப்பதில் பயனில்லை. பின்தங்கிய பல்லுக்கு நேராக வைத்துக் கடிக்க வேண்டும்.

0.5 முதல் 1 மி.மீ. வரை என்றால், முழுதாகப் பொருந்தும் கடைசி ட்ரே எது என்று கண்டுபிடித்து அதற்குத் திரும்புங்கள். பழைய ட்ரேகளைத் தூக்கிப் போடாதீர்கள் என்று முதல் நாளே சொல்வது இதற்காகத்தான்.

1 மி.மீ.க்கு மேல் என்றால் ட்ரேயால் மட்டும் மீட்பது கடினம். பின்தங்கிய பல்லின் உதட்டுப் பக்கமும் அண்ணப் பக்கமும் ஈறுக்கு அருகில் பட்டன் (எலாஸ்டிக் மாட்டும் சிறு குமிழ்) ஒட்டி, ட்ரேயை அந்த இடத்தில் வெட்டிவிட்டு, ட்ரேயின் நுனியைத் தாண்டிப் போகும்படி எலாஸ்டிக் மாட்டினால் பல் ட்ரேக்குள் இறங்கும். இடம் இருக்கிறது என்று ஃப்ளாஸ் சொன்ன பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். இல்லையென்றால் வலி மட்டும் மிஞ்சும். அதுவும் பலிக்காவிட்டால் ரீஸ்கேன் எடுத்து ரீஃபைன்மெண்ட் (திருத்திய திட்டமும் புது ட்ரேகளும்).

கண்ணளவில் இடைவெளியை நம்புவது சிரமம்; ஒளி ட்ரேயில் பட்டு ஏமாற்றும். ட்ரேக்குள் சிறிது லைட் பாடி சிலிகானை வைத்துப் போட்டு, இறுகியபின் கழற்றிப் பாருங்கள். எங்கே பல் தொடுகிறதோ அங்கே சிலிகான் கிழிந்து தெரியும். எங்கே தடித்திருக்கிறதோ அதுதான் உண்மையான இடைவெளி. அட்டாச்மெண்ட்டின் எந்த முகத்தில் ட்ரே தொடவில்லை என்பதையும் இதே சிலிகான் காட்டிக்கொடுத்துவிடும்.

அறிகுறி 2: பல் நுனி சரி, அட்டாச்மெண்ட்டைச் சுற்றி மட்டும் பொருத்தமில்லை

ட்ரேயில் அட்டாச்மெண்ட்டுக்கான குழி ஒரு பக்கம் காலியாகவும் மறுபக்கம் இறுகியும் இருந்தால் அது பல் பின்தங்கியதன் அடையாளம். மேலே சொன்ன வழியில் போங்கள். சுற்றிலும் ஒரே சீராக இடைவெளி இருந்தால் கோளாறு ஒட்டிய விதத்தில்: மேடு சிறியதாகிவிட்டது. ட்ரே குழியில் உட்காரவே இல்லை, மேட்டின் மேல் ஏறி நிற்கிறது என்றால் மேடு பெரிதாகிவிட்டது, அல்லது ஓரத்தில் காம்போசிட் வழிந்து இறுகியிருக்கிறது.

சிறியதாவதற்கு முக்கியக் காரணம் விரல். டெம்ப்ளேட் என்பது மேட்டைப் பல்லில் ஒட்டுவதற்கான அச்சு; ட்ரேயைவிட மெல்லிய, வளையும் தகடு. அதன் குழியின் மேலேயே விரலை வைத்து அழுத்தினால் குழி தட்டையாகி, உள்ளே இருக்கும் காம்போசிட் பக்கவாட்டில் வழியும். மேடு தடிப்பில் குறைந்து, சுற்றிலும் ஒரு மெல்லிய படலம் உருவாகும். ஒரே விரலசைவில் இரண்டு பிழை. அழுத்த வேண்டியது குழிக்கு இருபுறமும், பல் நுனிமேலும்தான். குழியைத் தொடவே கூடாது.

பாகுத்தன்மையும் கவனிக்க வேண்டியது. கெட்டியான காம்போசிட்டைக் குழியில் அதிகம் நிரப்பினால் டெம்ப்ளேட் முழுதாக உட்காராது. ஓடும் காம்போசிட்டைத் தனியாகப் போட்டால் நன்றாகப் பொருந்தும், ஆனால் சீக்கிரம் தேயும். பலர் கையாளும் நடுவழி: குழியின் அடியில் கெட்டியானதை முக்கால் அளவுக்கு வைத்து, மேலே ஒரு துளி ஓடும் காம்போசிட். நிரப்பும்போது குமிழி சிக்கினால் அது பெரும்பாலும் மூலையில்தான் சிக்கும். அந்த மூலையே வேலை செய்யும் முகமாகவும் இருக்கும். எக்ஸ்ப்ளோரர் முனையால் மூலைகளில் ஒருமுறை கிளறிவிடுங்கள்.

வழிந்த படலத்தை 12 பள்ளமுள்ள கார்பைட் பர் வைத்து, தண்ணீர் இல்லாமல், மெதுவாக எடுங்கள். உலர்ந்திருந்தால்தான் எனாமலின் பளபளப்பும் காம்போசிட்டின் மங்கலும் வேறுபட்டுத் தெரியும். மேட்டின் விளிம்பை மட்டும் தொடாதீர்கள். "கொஞ்சம் வழவழன்னு பண்ணிடலாம்" என்று விளிம்பை உருட்டிவிடுவது, கட்டிய சுவரை நாமே இடிப்பதற்குச் சமம்.

கிளினிக்கிலேயே மாடல் அச்சிட்டு ட்ரே இழுப்பவர்களுக்கு இன்னொன்று: மாடலில் மேட்டின் விளிம்பு எவ்வளவு கூர்மையாக அச்சாகிறதோ அதைவிடக் கூர்மையாக ட்ரே வராது. 100 மைக்ரான் அடுக்கில் அச்சிட்டுப் பிரச்சினை என்றால், அட்டாச்மெண்ட் முக்கியமான கேஸ்களில் 50 மைக்ரானுக்கு மாறிப் பாருங்கள். கூர்மூலைகளில் தகடு சூடாகி இழுபடும்போது மெலிந்துபோகும் என்பதால், விரிசல் விழும் இடமும் அதுவே.

அறிகுறி 3: அட்டாச்மெண்ட் விழுந்துவிட்டது

எது விழுந்தது என்பதைப் பொறுத்தே அவசரம். ட்ரேயைப் பிடித்து வைக்க மட்டும் வைத்த அட்டாச்மெண்ட், ட்ரே நன்றாகவே உட்கார்கிறது என்றால் அடுத்த வருகை வரை காத்திருக்கலாம். சுழற்சிக்கோ கீழிறக்கத்துக்கோ வைத்தது என்றால் அடுத்த ட்ரேக்கு மாறாமல் இதிலேயே நிறுத்தி, அந்த வாரமே வரச் சொல்லுங்கள். அட்டாச்மெண்ட் இல்லாமல் இரண்டு மூன்று ட்ரே தாண்டிவிட்டால் மற்ற பற்கள் முன்னே போய், இது மட்டும் பின்தங்கி, அறிகுறி 1 பிறக்கும்.

மறுபடி ஒட்டும்போது அடிக்கடி நேரும் பிழை, முதல் நாள் டெம்ப்ளேட்டை அப்படியே எடுத்துப் போடுவது. பற்கள் இப்போது அந்த இடத்தில் இல்லை. முழு டெம்ப்ளேட்டும் உட்காராது. வற்புறுத்தி உட்காரவைத்தால் மேடு கோணலாக ஒட்டும். அட்டாச்மெண்ட் விழுந்த பல்லும் அதன் இருபுறமும் ஒவ்வொரு பல்லும் வரும்படி மூன்று பல் துண்டாக வெட்டிப் பாருங்கள். ஆடாமல் உட்கார்ந்தால் பயன்படுத்தலாம். ஆடினால் இப்போதைய கட்டத்துக்கான டெம்ப்ளேட் வேண்டும்.

இப்போது போடும் ட்ரேயையே டெம்ப்ளேட்டாக வைக்கலாமா? உங்கள் கிளினிக்கில் செய்த, எல்லாக் கட்டத்திலும் ஒரே வடிவ மேடு உள்ள கேஸ் என்றால், ட்ரே முழுதாகப் பொருந்தும் கடைசி நாளில் வைக்கலாம். நிறுவனங்கள் ஒவ்வொரு பல்லுக்கும் கணக்கிட்டுத் தரும் அட்டாச்மெண்ட்களில் வேண்டாம். இன்விசலைன் கொண்டுவந்த அந்த வகையில், ட்ரேயின் குழி மேட்டின் வடிவத்தோடு வேண்டுமென்றே ஒத்துப்போகாது. அந்தச் சிறு வித்தியாசம்தான் விசையை உண்டாக்குகிறது. ட்ரே குழியில் காம்போசிட்டை நிரப்பி ஒட்டினால் மேடு குழிக்கு அச்சாகப் பொருந்திவிடும், விசை பூச்சியமாகிவிடும். பார்க்க அழகாக இருக்கும், பல் நகராது.

ஒட்டும் வரிசையில் பிசகாதீர்கள். எண்ணெய் கலக்காத பியூமிஸால் பல்லைத் துலக்கிக் கழுவுங்கள். கன்னத்தை விலக்கும் கருவி, பஞ்சு, உறிஞ்சி எல்லாம் பொருத்திய பிறகே ஆசிட். 37 விழுக்காடு பாஸ்பாரிக் ஆசிட், 30 வினாடி, மேட்டைவிடச் சற்றே அகலமான பரப்பில் மட்டும். பல் முழுக்கப் பூசினால் காம்போசிட் படலம் எங்கெல்லாம் வழிகிறதோ அங்கெல்லாம் ஒட்டிக்கொள்ளும். நன்றாகக் கழுவி உலர்த்தினால் சுண்ணாம்பு வெண்மை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மேலே போகாதீர்கள். பாண்டிங்கை (ஒட்டும் திரவம்) மெல்லிதாகப் பூசி, காற்றூதிப் பரப்பி, ஒளி காட்டி இறுகவையுங்கள் (க்யூர்). டெம்ப்ளேட் வைத்து ஒவ்வொரு மேட்டுக்கும் 20 வினாடி ஒளி, லைட் முனை மேட்டுக்கு நேர் எதிராக. டெம்ப்ளேட்டை நாக்குப் பக்கத்திலிருந்து உரித்து எடுத்தபின் இன்னொரு 10 வினாடி. உதட்டுப் பக்கமாக இழுத்து எடுத்தால் இப்போது ஒட்டியதே கையோடு வந்துவிடும்.

அறிகுறி 4: அதே பல்லில் திரும்பத் திரும்ப விழுகிறது

ஒருமுறை விழுந்தால் கைப்பிசகு. இரண்டாம் முறையும் அதே பல் என்றால் காரணம் வேறு.

முதலில் விழுந்த துண்டைப் பாருங்கள். பெரும்பாலும் ட்ரேயின் குழியிலேயே இருக்கும். பல்லில் காம்போசிட் எதுவுமே மிச்சமில்லாமல், துண்டின் அடிப்பகுதி வழவழவென்று முழுதாக வந்திருந்தால் எனாமலில் பிடிப்பே இல்லை: ஈரம், உமிழ்நீர், அல்லது ஆசிட் வேலை செய்யாத பரப்பு. பாதி பல்லில் ஒட்டியபடி உடைந்திருந்தால் ஒட்டு சரி, மேல்விழும் பளுதான் தவறு.

ஒட்டு பிடிக்காத பரப்புகளில் நம்மூரில் மறக்கக் கூடாதது ஃப்ளூரோசிஸ். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம்; அங்கே வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறையோ சுண்ணாம்புத் திட்டோ இருந்தால், மேற்பரப்பு எனாமல் ஆசிட்டுக்கு எளிதில் கரையாது. பியூமிஸோடு நிறுத்தாமல் மேற்பரப்பை லேசாகச் சுரண்டி, ஆசிட் நேரத்தை 60 வினாடி வரை நீட்டி, அந்த வெண்மை வருகிறதா என்று பார்த்துத்தான் மேலே போக வேண்டும். பல் வெளுக்கும் சிகிச்சை செய்துகொண்டவரென்றால் இரண்டு வாரம் கழித்து ஒட்டுங்கள்.

கேப் போட்ட பல்லில் பாஸ்பாரிக் ஆசிட் பிடிப்பு உண்டாக்காது. பீங்கான் கேப் என்றால் மேல் மெருகைக் கரகரப்பாக்கி, பீங்கானுக்கான சிலேன் பூச வேண்டும். ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஈறில் பட்டால் புண்ணாக்கும், வாய்க்குள் அதைக் கையாளத் தடுப்பு முறைகள் முழுதாக இருந்தால்தான் தொட வேண்டும். சிர்கோனியாவில் அந்த ஆசிட்டும் உதவாது. 50 மைக்ரான் அலுமினா ஊதி, எம்டிபி என்ற வேதிப்பொருள் உள்ள பிரைமர் பூசுவதுதான் வழி. எதைச் செய்தாலும் கேப்பின் மெருகு போகக்கூடும் என்று நோயாளியிடம் முன்னரே சொல்லிவிடுங்கள்.

உடைந்த துண்டு என்றால் கடியைப் பாருங்கள். ட்ரே இல்லாமல், கலர்த் தாள் வைத்து, பக்கவாட்டிலும் அசைக்கச் சொல்லுங்கள். ஆழமான கடி உள்ளவர்களுக்குக் கீழ்க் கோரைப்பல், கீழ் முன்கடைவாய்ப்பல் அட்டாச்மெண்ட்கள் மேல் பற்களில் நேராக இடிக்கும். ட்ரே போட்டிருக்கும்போது இடி தெரியாது, சாப்பிடும்போதுதான் விழும். அடுத்த ரீஃபைன்மெண்ட்டில் மேட்டை ஈறுப் பக்கம் இறக்கச் சொல்லுங்கள், ஆனால் ஈறு விளிம்பிலிருந்து 1 மி.மீ.யாவது விட்டு. அதைவிட நெருங்கினால் ட்ரேயின் ஓரம் மேட்டைத் தாண்டிப் போர்த்தாது, பிடிப்பும் இருக்காது.

இரண்டும் இல்லை என்றால் கழற்றும் விதம். உங்கள் முன்னாலேயே ஒருமுறை கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். முன்பல்லைப் பிடித்து வெளிப்பக்கமாக இழுப்பவர்களுக்கு அட்டாச்மெண்ட் நிலைக்காது.

அறிகுறி 5: சுழல வேண்டிய பல் சுழலவில்லை

கோரைப்பல்லும் முன்கடைவாய்ப்பல்லும் உருண்டை. ட்ரே அவற்றைச் சுற்றி வழுக்கும். அதனால்தான் இங்கே அட்டாச்மெண்ட் வைக்கிறோம். அதே சமயம், அட்டாச்மெண்ட்டை மட்டும் நம்பி ஏமாறுவதும் இங்கேதான்.

2008இல் கோரைப்பல் சுழற்சி பற்றி வெளியான ஆய்வொன்றில், திட்டமிட்ட சுழற்சியில் சராசரியாக 36 விழுக்காடு அளவே உண்மையில் நடந்தது. அட்டாச்மெண்ட் மட்டும் வைத்த பற்களுக்கும் எதுவுமே வைக்காத பற்களுக்கும் புள்ளியியல்படி பொருட்படுத்தும்படியான வேறுபாடு கிடைக்கவில்லை. அது பழைய நீள்வட்ட மேடுகளின் காலம். இன்றைய வடிவங்கள் மேம்பட்டவை. இருந்தாலும் எல்லா வகைப் பல் நகர்வுகளையும் சேர்த்து 2009இல் 41 விழுக்காடாக இருந்த துல்லியம், 2020இல் மறுபடி அளந்தபோது 50 விழுக்காடுதான். திரையில் ஓடும் அனிமேஷனைப் பார்த்து நோயாளிக்கு வாக்குக் கொடுப்பதற்கு முன் இந்த எண்களை நினைத்துக்கொள்வது நல்லது.

பார்க்க வேண்டிய வரிசை: முதலில் மீண்டும் ஃப்ளாஸ், இடம். உருண்டையான பல் சுழல்வதற்கு இருபுறமும் தொடர்பு தளர்ந்திருக்க வேண்டும். அடுத்து வேகம். திட்டத்தைத் திறந்து ஒரு ட்ரேக்கு எத்தனை டிகிரி சுழற்சி என்று பாருங்கள். 1.5 டிகிரிக்கு மேல் வைத்த முன்கடைவாய்ப்பற்கள் மோசமாகப் பின்தங்குகின்றன. 2 டிகிரி என்று இருந்தால் ட்ரே எண்ணிக்கை கூடினாலும் பரவாயில்லை என்று குறைக்கச் சொல்லுங்கள். மூன்றாவதாகத்தான் மேடு: செங்குத்துச் செவ்வகமா, அதன் நீண்ட முகம் திரும்ப வேண்டிய திசைக்கு ஏற்ற பக்கத்தில் இருக்கிறதா, கிரீடம் (பல்லில் ஈறுக்கு வெளியே தெரியும் பகுதி) போதுமான உயரம் உள்ளதா. பாதி முளைத்த முன்கடைவாய்ப்பல்லில் எந்த வடிவமும் பலன் தராது.

மூன்றும் சரியாக இருந்தும் 3 அல்லது 4 ட்ரேயாக அசைவே இல்லை என்றால் ட்ரேயைத் தொடர்ந்து மாற்றிக்கொண்டே போவது வீண். உதட்டுப் பக்கம் ஒரு பட்டன், நாக்குப் பக்கம் ஒரு பட்டன் ஒட்டி, எதிரெதிர்த் திசையில் எலாஸ்டிக் கொடுத்தால் பல் தன் அச்சிலேயே திரும்பும். ஒரே பட்டனில் இழுத்தால் திரும்புவதோடு இடமும் மாறிவிடும். 45 டிகிரிக்கு மேல் திரும்பிய முன்கடைவாய்ப்பல் என்றால் அலைனரை ஆரம்பிக்கும் முன்னே சில மாதம் பிராக்கெட் போட்டுத் திருப்பிவிடுவது எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

அறிகுறி 6: பல் எடுத்த இடம் மூடுகிறது, ஆனால் பற்கள் அதற்குள் சாய்கின்றன

எடுத்த பல்லின் இடத்தில் ட்ரே வெறும் காற்றைப் போர்த்தியிருக்கிறது. அங்கேதான் அது வளையும். வளைந்தால் கோரைப்பல்லின் கிரீடம் பின்பக்கம் சாயும், பின்பற்கள் முன்பக்கம் சாயும், முன்பற்கள் உள்ளே மடங்கிக் கீழே இறங்கும், பக்கவாட்டில் கடி திறக்கும். இந்த நான்கும் ஒன்றாகத் தெரிந்தால் கோளாறு ஒரு பல்லில் இல்லை, நங்கூரத்தில், அதாவது பற்கள் இடம் விட்டுச் சாயாமல் பிடித்து வைக்கும் ஏற்பாட்டில்.

இடைவெளியின் இருபுறப் பற்களிலும் செங்குத்துச் செவ்வக அட்டாச்மெண்ட் முழு நீளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 3 மி.மீ. வைத்த இடத்தில் கிரீடம் அனுமதித்தால் 4 அல்லது 5 வைக்கலாம்; வேரை நிமிர்த்த மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இடையிலான தூரம்தான் உதவுகிறது. முழுதும் மூடுவதற்கு முன்பே நிறுத்தி ரீஸ்கேன் எடுங்கள். சாய்ந்த பிறகு நிமிர்த்துவது, மூடுவதைவிட நீண்ட வேலை. பல கேஸ்களில் அந்தப் பகுதிக்கு மட்டும் கம்பி போட வேண்டி வரும்.

அறிகுறி 7: முன்பற்களை உள்ளே அழுத்தும் கேஸில் ட்ரே நடுவில் எழும்புகிறது

ஆழமான கடியில் கீழ் முன்பற்களை ஈறுப் பக்கம் அழுத்தும்போது, அதே விசை ட்ரேயை மேலே தூக்கும். ட்ரேயைக் கீழே பிடித்து வைப்பது முன்கடைவாய்ப்பற்களில் உள்ள கிடைமட்ட அட்டாச்மெண்ட்கள். எழும்புவது அங்கேயென்றால் முன்பற்களில் மேடு கூட்டாதீர்கள், முன்கடைவாய்ப்பல்லைச் சரிசெய்யுங்கள். கிரீடம் குட்டையென்றால் ட்ரேயின் ஓரத்தை ஈறின் வளைவைப் பின்பற்றி வெட்டாமல், ஈறைத் தாண்டி 2 மி.மீ. நேர்கோடாக வெட்டினால் பிடிப்பு கணிசமாகக் கூடும். கிளினிக்கில் ட்ரே இழுப்பவர்களுக்கு இது செலவே இல்லாத மருந்து.

அறிகுறி 8: ட்ரேயைக் கழற்றவே முடியவில்லை, அல்லது விரிசல் விடுகிறது

புதிதாக ஒட்டிய முதல் சில நாள் இறுக்கம் இயல்பு. அதற்குப் பிறகும் கையால் முடியவில்லை என்றால் மேடுகள் அதிகம். ஏன் வைத்தோம் என்று காரணம் சொல்ல முடியாத ஒவ்வொரு அட்டாச்மெண்ட்டையும் திட்டத்திலிருந்து எடுத்துவிடலாம். கழற்ற வலித்தால் நோயாளி கழற்றுவதைத் தள்ளிப்போட மாட்டார், போடுவதைத்தான் தள்ளிப்போடுவார்.

கழற்றும் முறை: ஒரு பக்கக் கடைசிக் கடைவாய்ப்பல்லின் நாக்குப் பக்கத்தில் நகத்தையோ கொக்கிக் கருவியையோ வைத்துத் தூக்கு, அடுத்து மறுபக்கம், கடைசியில்தான் முன்பக்கம். விரிசல் எப்போதும் ஒரே மேட்டின் மூலையிலிருந்து கிளம்பினால், நோயாளி அந்த இடத்தைப் பிடித்துத்தான் இழுக்கிறார்.

உதட்டுக்குள் புண் என்றால் மேட்டைத் தேய்க்காமல் ட்ரேயின் ஓரத்தைத் தேய்த்துவிடுங்கள். ட்ரே இல்லாத நேரத்தில் மேடே உறுத்துகிறது என்றால் மெழுகு போதும்; ஒரு வாரத்தில் உதடு பழகிவிடும்.

மேட்டைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிந்தால் பெரும்பாலும் அது மேடு அல்ல, சுரண்டாமல் விட்ட படலம். சாம்பாரும் மஞ்சள்தூளும் உள்ள வீட்டில் கரடுமுரடான காம்போசிட் நிறம் மாறாமல் இருக்காது. படலத்தை எடுத்து, மேட்டின் முன்முகத்தை மட்டும் ரப்பர் கப்பால் மெருகேற்றலாம். ட்ரேயோடு சாப்பிடுகிறார்களா என்பதை ட்ரேயின் நிறமே சொல்லிவிடும்.

அறிகுறி 9: சிகிச்சை முடிந்தது, ரீடெய்னர் உட்காரவில்லை

அட்டாச்மெண்ட்களை எடுப்பதற்கு முன் ஸ்கேன் எடுத்து, மென்பொருளில் மேடுகளை அழித்துச் செய்த ரீடெய்னர் (நகர்ந்த பற்களை அங்கேயே நிறுத்தி வைக்கும் ட்ரே) என்றால், அழித்த இடம் துல்லியமாக வராமல் இறுகலாம். எடுத்த பிறகு ஸ்கேன் எடுத்தும் உட்காரவில்லை என்றால், ஸ்கேனுக்கும் ரீடெய்னர் வந்த நாளுக்கும் இடையில் பல் நகர்ந்திருக்கிறது. அந்த நாட்களில் கடைசி ட்ரேயைப் போட்டாரா என்று கேளுங்கள். மேடு போனபின் கடைசி ட்ரே சற்றுத் தளர்வாகத்தான் இருக்கும், அதனாலேயே பலர் போடுவதை விட்டுவிடுகிறார்கள். ஓரிரு இடத்தில் மட்டும் தட்டுகிறது என்றால் அங்கே காம்போசிட் மிச்சம் இருக்கிறது. பல்லை நன்றாக உலர்த்தி, புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். பெரும்பாலான காம்போசிட்கள் எனாமலைவிடப் பிரகாசமாக ஒளிரும். ஒளிர்வது மறையும் வரை 12 பள்ளக் கார்பைட் பர், பிறகு மெருகேற்றும் டிஸ்க்.